குப்புறப் படுத்தால் தெரியும் பெயர்கள்

ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர்கள் டாக்டர் முகத்தைப் பற்றிச் சொல்வார்கள், பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது கால்கள். முழங்கால் வரை வெள்ளை உறை மாட்டிய கால்கள். குப்புறப் படுத்து, கன்னத்தைத் தலையணை ஓரத்தில் பதித்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன தெரியும்?

என் பெயர் ராஜேஸ்வரி. ஜொகூர் பாருவுக்குப் பக்கம் மாசாயில் வீடு. பாசிர் கூடாங்கில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். எனக்குக் கீழே வேலை செய்யும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னை என்னவெல்லாம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதும் லைன் லீடர் வேலையில் ஒரு பங்குதான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களைப் பார்த்தால் என் கண் சும்மா இருக்காது. செத்துக்கொண்டிருந்தபோதும் சும்மா இருக்கவில்லை.

கொரோனா இரண்டாவது வருடமாக ஆட்டிவைத்த நேரம் அது. என் கணவர் குணா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். எல்லையை அடைத்தபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வந்தால் திரும்பிப் போக வேலை இருக்காது, போகாவிட்டால் வீட்டுக்கடன் நிற்காது. அவர் தங்கியிருந்த அறையின் சன்னலிலிருந்து பார்த்தால் ஜொகூர் பாருவின் விளக்குகள் தெரியுமாம். கடலுக்குக் குறுக்கே போகும் காஸ்வே சாலையில் நடந்தே வந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் அந்த வருடத்தில் அதைவிடத் தூரமான ஊர் உலகத்தில் இல்லை.

ஒரு சாயங்காலம் அடுப்பில் ரசம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் தர்ஷினி அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"மா! ரசம் தீயுது, தெரியலயா?"

வீடு முழுக்கப் புகை. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. சட்டியைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா, காக் ஜைத்தோன், விரலில் மாட்டும் கருவி ஒன்றைப் பையில் போட்டு எங்கள் கேட்டில் தொங்கவிட்டுப் போனார். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். நல்லா இருக்கிற ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு முதலில் சரியாகத்தான் காட்டியது. அப்புறம் நாளுக்கு நாள் இறங்கியது. மாடிப்படி ஏறி வந்த ஒரு நாள் தொண்ணூறுக்கும் கீழே போனது. கருவிதான் கெட்டுவிட்டது என்று அதைத் தட்டிப் பார்த்தேன். தர்ஷினி அதை வாங்கித் தன் விரலில் மாட்டினாள். அவளுக்குச் சரியாகக் காட்டியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள்தான். நான் அதற்குள் வேறு நைட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். மூச்சு போகிற நேரத்திலும் கிழிந்த நைட்டியோடு ரோட்டில் இறங்க மனசு வரவில்லை.

நோயை ஐந்து படியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் நான்காவது. நுரையீரல் தானாகச் சமாளிக்க முடியாமல் வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்க வேண்டிய நிலை. ஐந்தாவது படி வார்டின் கோடியில் இருந்த இரட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம். அங்கே போனால் மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் இறக்கி, இயந்திரம் மூச்சு விடும். அந்தக் கதவு வழியாகக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனவர்களைப் பார்த்தேன். யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. தேறியவர்களை வேறு வார்டுக்கு அனுப்புவார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அதை யார் சொன்னார்கள்?

இளம் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு விளக்கினார். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறதாம். மல்லாந்து படுத்தால் அது நசுங்கிக் கிடக்கும், குப்புறப் படுத்தால் விரியும். முடிந்தவரை குப்புறவே கிடக்க வேண்டும். இந்த ஓரிரு நாளில் தேறவில்லை என்றால் குழாய்தான்.

எனக்கு உடம்பு கனம். மூக்கில் காற்றடிக்கும் குழாயோடு குப்புறப் படுத்தால் யாரோ முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் படுத்துவிடுவேன். அளவு இறங்கும், இயந்திரம் கத்தும், மிஸ்ஸி ஓடி வருவாள். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்போம்.

அவள் பெயர் ஐனா. மலாய்ப் பெண், வயது இருபத்தைந்துகூட இருக்காது. "ஆன்ட்டி, பூசிங் லா," என்பாள், திரும்பிப் படுங்க என்று. கெஞ்சுவாள். நான் முறைப்பேன்.

அப்போதுதான் சிஸ்டர் வந்தார். சிஸ்டர் வசந்தா, வார்டுக்குத் தலைமை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும். என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் பயப்படறீங்க?"

"அந்தக் கதவுக்கு," என்றேன். "என் வீட்டுக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்காரு. அவரப் பாக்காம நான் போகக் கூடாது."

போகவே மாட்டீர்கள் என்று ஆறுதல் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"போகாம இருக்கறதுக்குத்தான் குப்புறப் படுக்கச் சொல்றோம். அப்படியே போற மாதிரி ஆச்சுன்னா என் வார்டுலேர்ந்து யாரும் தனியா போக மாட்டாங்க. நானே கூட வருவேன். கதவுவரைக்கும் இல்ல, உள்ள படுக்க வைக்கிற வரைக்கும். இப்ப திரும்புங்க."

திரும்பினேன். பொய் சொல்லாத ஆளிடம் பேரம் பேச முடியாது.

குப்புறப் படுத்ததும் உலகம் தரைக்கு இறங்கிவிட்டது. சிமெண்டுத் தரை, கட்டில் சக்கரம், வந்து நிற்கும் வெள்ளைக் கால்கள். யார் கால் என்று தெரியாது. ஊசி போட வந்தவரா, ரத்தம் எடுக்க வந்தவரா, இல்லை குழாய் போடத் தள்ளிக்கொண்டு போக வந்தவரா? உடுப்பின் மார்பில் மார்க்கரால் பெயர் எழுதியிருந்தார்கள், ஆனால் மார்பைப் பார்க்க நான் தலையைத் தூக்க வேண்டும். அதைச் சிஸ்டரிடம் சொன்னேன், பாதிக் கோபத்தில்.

"உங்க ஆளுங்க எல்லாரும் எனக்கு வெறும் காலு சிஸ்டர். காலுக்கு என்னா பேரு இருக்கு?"

அடுத்த ஷிப்டில் வந்து நின்ற காலுறையின் மேல் பெரிய எழுத்தில் ஐனா என்று இருந்தது. அடுத்தது மெய் லிங். அப்புறம் ஜெயந்தி. ஒரு டாக்டர்கூட எழுதிக்கொண்டு வந்தார். கால்களுக்கு ஆள் முளைத்துவிட்டது. ஐனாவின் கால் என்றால் தைரியமாகத் தண்ணீர் கேட்கலாம். மெய் லிங் என்றால் ஊசி, பல்லைக் கடித்துக்கொள்ளலாம். பயம் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுவது, எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொள்ள முடிந்தது.

இவ்வளவு செய்தவரோடு மறுநாளே சண்டை போட்டேன். மூக்குக் குழாய் நகர்ந்துவிட்டது. மணியை அழுத்தினேன். ஐனா வரவில்லை. வந்தது ஜெயந்தி, இரண்டு கட்டில் தாண்டி மூச்சிரைக்க. ஐனா எங்கே என்று கேட்டால், சிஸ்டர் அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டாராம். அந்த உடுப்பைப் போட்டால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. கழற்றி, குளித்து, சாப்பிட்டு, மறுபடி மாட்டி வர வெகுநேரம் ஆகும். இங்கே மனுஷி மூச்சுக்குத் தவிக்கிறாள், அங்கே சாப்பாடு ஒரு கேடா?

சிஸ்டர் வந்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு திட்டும் தவணை முறையில்தான் வெளியே வந்தது. திட்டு முழுசாக வரும்வரை அவர் காத்திருந்தார்.

"நீங்க லைன் லீடர்தானே ராஜேஸ்வரி? உங்க மெஷின நிறுத்தாமயே ஓட்டுவீங்களா?"

"சர்வீசுக்கு நிறுத்துவோம்."

"ஐனா மெஷின்கூட இல்ல, புள்ள. நேத்து டியூட்டில மயங்கி விழப் பாத்தா. நான் சாப்பிடலன்னு யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் வெக்கம், பேஷண்ட விட்டுட்டுப் போனோம்னு. அதனால போன்னு நான் சொல்றேன். திட்டு வந்தா அது எனக்கு வரட்டும். உங்களுக்கு நாளைக்கும் மிஸ்ஸி வேணும்ல?"

திட்டை வாங்கிக்கொள்வதும் தலைமை வேலையில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாததா? ஆனால் எங்கள் தொழிற்சாலையில் திட்டு எப்போதும் மேலிருந்து கீழேதான் போகும். இவர் நடுவில் நின்று அதை நிறுத்திவிடுகிறார்.

அப்புறம் கவனித்தேன். ஷிப்டு மாறி வருகிற ஒவ்வொருவரிடமும் சிஸ்டர் கேட்கிற முதல் கேள்வி, "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா? நாம் வீட்டுக்கு வருகிறவரைக் கேட்கிற கேள்விதான். நாம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லை. அவர் நின்றார்.

குணா தினமும் போனில் முகம் காட்டுவார். நான் பேச முடியாது, அவரே பேசுவார். தான் சமைப்பதைக் காட்டுவார், அதைப் பார்த்தால் எனக்குப் பசிக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். மனுஷன் சாம்பாரில் உருளைக்கிழங்கைத் தோலோடு போட்டிருந்தார்.

"வந்துருவேன் ராஜி. நீ அங்கயே இரு, எங்கயும் போயிராத," என்றார் ஒருநாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தர்ஷினி வாசல் காவலரிடம் ரசம் கொடுத்தனுப்புவாள். அதில் உப்பும் இருக்காது, புளியும் இருக்காது. வாசனையே தெரியாத எனக்கு அது கடவுள் கொடுத்த சௌகரியம்.

மெல்ல என் அளவு நின்றது. ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. டாக்டர் குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. அப்படி ஒரு நாள் காலையில் என் பக்கத்துக் கட்டிலுக்குப் புது ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நரைத்த குட்டை முடி, மெலிந்த முகம். யாரோ ஆன்ட்டி என்று நினைத்தேன்.

"ராஜேஸ்வரி, குப்புறப் படுத்திருக்கீங்களா?" என்றது அந்த ஆன்ட்டி.

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சிஸ்டர் வசந்தாவின் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

வார்டே ஒரு கணம் நின்றுபோனது. ஐனா கண்ணாடிக்குள் அழுதாள், துடைக்கவும் வழியில்லை. என் தொழிற்சாலைப் புத்தி வேலை செய்தது: முடிந்தது கதை, தலை சாய்ந்தால் லைன் சாயும். ஆனால் ஜெயந்தி வார்டு வாசலில் போய் நின்றாள், ஷிப்டு மாறும்போது சிஸ்டர் நிற்கிற அதே இடத்தில். உள்ளே வந்த மெய் லிங்கின் உடுப்பை முன்னும் பின்னும் பார்த்தாள். "சுடா மாக்கான்?" என்று கேட்டாள். மெய் லிங் இல்லையென்றதும் திருப்பி அனுப்பினாள். வார்டு மறுபடி ஓடியது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி குப்புறக் கிடந்தோம். அவர் ஜொகூரில் ரெங்கம் என்ற ஊர்க்காரர், தனியாக வாழ்கிறார், ஒரு தம்பி மட்டும் செனாயில் என்பதெல்லாம் அப்போது சொன்னதுதான். திடீரென்று பேச்சை நிறுத்தித் தரையைப் பார்த்தார். ஐனாவின் கால் வந்து நின்றிருந்தது.

"இது என்னா, எழுத்து தலைகீழா இருக்கு?"

ஆமாம், தலைகீழாகத்தான் இருந்தது. ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் காலில் தாங்களே எழுதிக்கொண்டதால், நிற்கிறவருக்கு நேராகவும் படுத்திருப்பவருக்குத் தலைகீழாகவும் இருந்தது. சர்க்யூட் பலகை எந்தப் பக்கம் வந்தாலும் எண்ணைப் படித்துப் பழகிய எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மற்ற நோயாளிகளோ, கொடுத்ததே பெரிது என்று தலையைத் திருகிப் படித்திருக்கிறார்கள்.

"அலமாக்! யாருமே சொல்லலியே!"

"நீங்க இங்க படுக்கலியே சிஸ்டர்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது, இயந்திரம் கத்தியது. கொஞ்சம் அடங்கியதும் ஐனாவைக் கூப்பிட்டு மலாயில் சொன்னார்: இனிமேல் யாரும் தன் காலில் தானே எழுதக் கூடாது. எதிரில் நிற்கிறவர் குனிந்து எழுதட்டும்.

அன்று ஷிப்டு மாறியபோது உடுப்பு மாட்டும் அறையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வயதில் மூத்த ஜெயந்தி, சின்னப் பெண் ஐனாவின் காலடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஐனா குனிந்தாள். எழுத்து எங்கள் பக்கம் திரும்பியது.

சிஸ்டருக்கு நுரையீரல் தேறவில்லை. மறுநாள் மதியம் அதே இளம் டாக்டர் அவர் தலைமாட்டில் வந்து குந்தினார். ஐந்தாவது படி. சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். எத்தனையோ பேரிடம் தானே சொன்ன செய்தி, அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கட்டிலைத் திருப்பினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு நடுங்கியது. எனக்குத் தெரிந்த பயம் அது, அச்சு அசல் என்னுடையதே. யாரும் தனியாகப் போகமாட்டார்கள் என்று எனக்கு வாக்குக் கொடுத்தவர், அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய ஆளே இப்போது கட்டிலில். எழுந்து கூடவே போகலாம் என்றால் நான் குழாயில் கட்டிப்போட்ட மாடு. கால்களைப் பார்த்தேன். பெயர்கள் நேராக இருந்தன. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"சிஸ்டர்! ஐனா வர்றா! ஜெயந்தி வர்றா! மெய் லிங் வர்றா! நாலு பேரு இருக்காங்க சிஸ்டர், நீங்க தனியா போகல!"

நாலாவது காலின் பெயரைப் படிப்பதற்குள் கட்டில் நகர்ந்துவிட்டது. சிஸ்டர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பிடித்திருந்த ஐனாவைப் பார்த்தார்.

"சுடா மாக்கான்?"

ஐனா சாப்பிட்டிருக்கவில்லை. தேம்பிக்கொண்டே பொய் சொன்னாள், சாப்பிட்டுவிட்டேன் என்று. கதவு திறந்து மூடியது.

அதற்கப்புறம் நான் தேறினேன். ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், கடைசியில் எடுத்துவிட்டார்கள். கழிப்பறைவரை நடந்ததை உலகம் சுற்றி வந்ததுபோல் தர்ஷினியிடம் போனில் அளந்தேன். கட்டணம் பற்றிப் பயந்திருந்தேன், அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் அந்தப் பயம் வீணாய்ப் போனது. வீட்டுக்குக் கிளம்பும்போது சிஸ்டரைப் பற்றிக் கேட்டேன். "இன்னும் உள்ளதான்," என்றாள் ஜெயந்தி. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

எல்லை திறந்ததும் குணா வந்தார். வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார், "எளச்சிட்ட," என்றார், பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நான் அழவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் குறட்டை விடுவதைக் கேட்டபோதுதான் அழுதேன்.

நுரையீரல் பரிசோதனைக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. குணாவும் வந்தார். காத்திருக்கும் கூடத்தில் நீளமான வரிசை. சுவரில் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி மெல்ல மெல்ல நடந்து வந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும். எனக்கு அந்தக் கண் போதும்.

"சிஸ்டர்!"

நின்றார். யாரென்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் நிமிர்ந்து நின்று அவரும் பார்த்ததில்லையே. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பப்போவதாகச் சொன்னார்.

"தொண்டைக் குழாய எடுத்ததும் மறுபடி குப்புறப் போட்டாங்க. கண்ணத் தொறந்தா எந்த ஊரு, எந்த நாளுன்னு ஒண்ணும் புரியல. கீழ ஒரு காலு வந்து நின்னுச்சு. பேரு எழுதிருந்துச்சு, என் பக்கம் பாத்து. நம்ம வார்டுக்காரங்க போய் அங்கயும் சொல்லிக்குடுத்திருக்காங்க. சரி, உசுரோடதான் இருக்கோம்னு தெரிஞ்சுகிட்டேன்."

"நான் கத்துனது கேட்டுச்சா சிஸ்டர்?"

"கேட்டுச்சு. நாலாவது ஆளு யாருன்னு சொல்லவே இல்ல நீங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குணாவை இழுத்து முன்னால் நிறுத்தினேன். இவர்தான், அந்தப் பக்கம் இருந்தவர், என்றேன். சிஸ்டர் முதலில் அவருடைய காலைப் பார்த்தார், பழக்கதோஷம். அப்புறம்தான் முகத்தை. குணா கையெடுத்துக் கும்பிட்டார்.

சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப்டாச்சா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். இல்லை என்றோம். விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

"அப்ப என்னாத்துக்கு இங்க உக்காந்திருக்கீங்க? போய் சாப்டுட்டு வாங்க. நம்பர் போச்சுன்னா நான் பேசிக்கறேன்."

நான் எழுந்து, என் கையை அவருக்குக் கொடுத்தேன். "நீங்க சாப்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூன்று பேருமாகக் கேண்டீனுக்கு நடந்தோம், அவருடைய வேகத்துக்கு.